பூமியின் நாடி பார்த்த ஓல்டாம்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது என்ன எழுதுவது என்று யோசித்தேன். ஹாஸ்டல் சாப்பாடு, கலைவிழா, கிரிக்கெட் மாட்ச் பற்றியெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுதுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. நான் இங்கே இயற்பியல் படித்து, பிறகு பொறியியல் பக்கம் போய், கட்டடம், பாலம், கால்வாய் என்று ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட என்னைக் கண்டால் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். அண்ணாச்சி, நம்ம நாஞ்சில் நாட்டுக்குப் பூகம்பம் வருமா?

இதற்கு வரும் என்றோ வராது என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு இலையில் உட்கார முடியாது. ஆனால் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, பதிலை எங்கே போய்த் தேடுவது என்று இந்திய மண்ணில் நின்று உலகத்துக்கே காட்டிக்கொடுத்த ஒருவர் இருந்தார். ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் என்பது அவர் பெயர். பூமிக்கு நடுவில் தனியாக ஒரு கருவம் உண்டு என்று நாம் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, நில அதிர்ச்சியை வைத்து அதைக் கண்டு சொன்னவர் அவர்தான். அவருடைய வரலாற்றைத்தான் எனக்குத் தெரிந்தவரை இங்கே சொல்லப்போகிறேன். அதன் கடைசியில் நம் ஊர்க் கடற்கரையும் வந்துவிடும்.

அப்பா விட்டுச் சென்ற நோட்டு

ஓல்டாம் 1858 ஜூலை 31 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். தந்தை தாமஸ் ஓல்டாம், 1851இல் கல்கத்தா வந்து இந்திய ஜியாலஜிக்கல் சர்வேயை நிலைநிறுத்தி, இருபத்தைந்து ஆண்டுகள் அதைத் தலைமை தாங்கி நடத்தியவர். நிலக்கரி எங்கே கிடைக்கும், இரும்பு எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் அந்த நிறுவனத்துக்கு இடப்பட்ட முதல் வேலை. ஆனால் தாமஸ் ஓல்டாமுக்கு இன்னொரு பற்றும் இருந்தது. 1869 ஜனவரி 10ஆம் தேதி அஸ்ஸாமின் கச்சார் பகுதியில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அவர் நேரில் போய், எந்தச் சுவர் எந்தப் பக்கம் சாய்ந்தது, எந்தத் தூண் எப்படி விழுந்தது என்று பார்த்து எழுதி வைத்தார். அதோடு, இந்தியாவில் அதுவரை நிகழ்ந்ததாகத் தெரிந்த பூகம்பங்களையெல்லாம் பழைய நூல்களிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் தேடித் தேடி ஒரு பட்டியலாகத் தொகுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டும் அச்சேறு முன்பே 1878இல் அவர் காலமாகிவிட்டார். மகன் ரிச்சர்டுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. ரக்பி பள்ளியிலும் லண்டன் ராயல் சுரங்கக் கல்லூரியிலும் படித்த அவர், 1879இல் தந்தை வளர்த்த அதே சர்வேயில் சேர்ந்து இந்தியா வந்தார். வந்த சில ஆண்டுகளிலேயே அப்பாவின் குறிப்புகளை எடுத்து ஒழுங்குபடுத்தினார். கச்சார் நிலநடுக்க அறிக்கை 1882இல் வந்தது. பூகம்பப் பட்டியல் 1883இல் வந்தது. ஆதிகாலம் முதல் 1869 முடிய நிகழ்ந்தவை அதில் வரிசையாக இடம்பெற்றன.

பட்டியல் போடுவது ஒரு பெரிய காரியமா என்று மாணவத் தம்பிகள் நினைக்கலாம். இதைவிடப் பெரிய காரியம் இந்தத் துறையில் வேறு இல்லை என்பேன். பூமியின் நினைவு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு நீளும். மனிதனின் நினைவு மூன்று தலைமுறை தாண்டாது. நம்ம ஊர்ப்பக்கம் பூமி குலுங்காதுடே மக்கா என்று ஒரு பாட்டா சொன்னால், அவருக்கும் அவருடைய பாட்டாவுக்கும் தெரிந்து குலுங்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். அதற்கு முன்னால் நடந்ததை ஏட்டிலும் கல்லிலும்தான் தேடவேண்டும்.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அதே 1883ஆம் ஆண்டில், அதே சர்வேயின் வெளியீடுகளில், தெற்குத் திருவிதாங்கூரின் நிலவியலைப் பற்றிய கட்டுரை ஒன்றும் அச்சானது. எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். சென்னைப் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான். ஆக, அப்பா தொகுத்த பூகம்பப் பட்டியலும், நம் மண்ணின் பாறைக் கணக்கும் ஒரே ஆண்டில், ஒரே அலுவலகத்திலிருந்து வெளிவந்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டிய தேவை பிற்காலத்தில் நமக்கு எவ்வளவு இருக்கும் என்று அன்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

நிக்கோபார் சொன்ன சேதி

ஓல்டாம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய ஆள் இல்லை. மணிப்பூர் எல்லைக் காடுகள், இமயமலை, பலுசிஸ்தான், அந்தமான் என்று சுத்தியலும் திசைகாட்டியுமாக அலைந்தவர். அந்தமானின் பாறைகளைப் பற்றி 1885இல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டில் அவர் எழுதிய சிறு குறிப்பு ஒன்றுதான் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது.

1881 டிசம்பர் 31ஆம் தேதி காலையில் கார் நிக்கோபார் தீவின் அடியில் பெரிய நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டது. அப்போது வங்காள விரிகுடாவைச் சுற்றிப் பல துறைமுகங்களில் கடல்மட்டத்தைத் தானே பதிவு செய்யும் கருவிகளை வைத்திருந்தார்கள். ஓதம் ஏறுவதையும் இறங்குவதையும் காகிதத்தில் கோடாக இழுத்துக் காட்டும் கருவி அது. அந்த நாளில் நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம் உட்பட எட்டு இடங்களில் அந்தக் கோடு வழக்கத்துக்கு மாறாகத் துள்ளியது. நிக்கோபாரில் பூமி அசைந்ததால் எழுந்த கடல் அலை, தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது. உயரம் அதிகம் இல்லை, கூடிப்போனால் 80 சென்டிமீட்டர். கரையில் நின்றவர்கள் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் காகிதம் கவனித்தது. அந்த நிலநடுக்கத்தைப் பற்றி ஓல்டாம் 1884இல் ஒரு குறிப்பு எழுதி சர்வேயின் ஏட்டில் பதித்தார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பி வருவோம்.

1897: மலை அசைந்த மாலை

1893இல் இந்திய நிலவியல் கையேட்டின் இரண்டாம் பதிப்பை ஓல்டாம் திருத்தி எழுதி வெளியிட்டார். இந்தியாவின் பாறைகள் எப்படி உண்டாயின, எங்கே மடிந்தன, எங்கே முறிந்தன என்று அறிய விரும்பியவர்களுக்கு அது நெடுங்காலம் ஆதார நூலாக இருந்தது. நாட்டின் பாறை வரலாறு முழுவதையும் கரைத்துக் குடித்த ஒருவர், பூகம்ப வரலாற்றையும் கையில் வைத்திருந்தார் என்பதுதான் இதில் முக்கியம்.

1897 ஜூன் 12, மாலை ஐந்தே கால் மணி அளவில் அஸ்ஸாமும் ஷில்லாங் மலைப் பகுதியும் குலுங்கின. ஷில்லாங்கில் கல்கட்டடங்கள் எல்லாம் தரைமட்டம் ஆயின. கல்கத்தாவில்கூட வீடுகள் வெடித்தன. இன்றைய கணக்கில் அது ரிக்டர் அளவில் 8க்கு மேல். இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். பலர் வீட்டுக்கு வெளியே இருந்த சாயங்கால வேளையாக அமைந்ததால் தொகை அதோடு நின்றது. அதே நடுக்கம் நடுராத்திரியில் வந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

சர்வேயின் ஆட்கள் நாலா திசையிலும் அனுப்பப்பட்டார்கள். ஓல்டாமும் மலைநாட்டுக்குப் போய்ப் பார்த்தார். கல்லறைத் தூண்கள் எப்படி முறிந்து திரும்பின என்று அளந்தார். சில இடங்களில் தரையில் பதிந்து கிடந்த பாறாங்கற்கள், குழியின் விளிம்பு சிதையாமல் மேலே தூக்கி எறியப்பட்டுக் கிடந்தன. தரை மேல்நோக்கி உதறிய வேகம், புவியீர்ப்பையே மிஞ்சியிருக்கிறது என்று அதிலிருந்து அவர் முடிவுக்கு வந்தார். கருவி எதுவும் இல்லாத காட்டில், கிடந்த கல்லையே கருவியாக்கிய சாமர்த்தியம் அது.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு செட்ராங் ஆற்றின் ஓரத்தில் காத்திருந்தது. அங்கே நிலம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, ஒரு பக்கம் உயர்ந்திருந்தது. அதிகபட்ச உயரம் 35 அடி. அதாவது மூன்று மாடி உயரம்! அந்தப் பிளவுக் கோடு ஆற்றை வெட்டிய இடங்களில் ஒரு பக்கம் புதிதாய் அருவி விழுந்தது, மறுபக்கம் தண்ணீர் தேங்கிப் புதிய குளங்கள் உண்டாயின.

இது ஏன் பெரிய விஷயம்? அந்தக் காலத்தில் பூகம்பம் என்றால் பூமிக்குள் எங்கோ வெடி வெடித்த மாதிரி ஓர் அதிர்ச்சி, அதன் விளைவாகத் தரை வெடிக்கிறது என்று எண்ணியவர்கள் பலர். உண்மை அதற்கு நேர்மாறானது. பூமியின் பாறை ஓடு இறுக்கப்பட்டு, இறுக்கப்பட்டு, ஒரு பழைய முறிவின் ஓரமாகத் திடீரென்று வழுக்கி நகர்கிறது. அந்த வழுக்கல்தான் பூகம்பம். ஜப்பானில் 1891 நிலநடுக்கத்தின்போது கோட்டோ என்ற அறிஞர் இதைப் போன்ற ஒரு பிளவைக் கண்டு இந்த முடிவைச் சொல்லியிருந்தார். ஓல்டாம் அஸ்ஸாமில் கண்டதும் அதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த பிளவுகள் கிளைகள்தான், மூலம் இன்னும் ஆழத்தில் பெரிதாக இருக்கிறது என்றும் கருதினார். நில அளவைத் துறை முன்னே முக்கோண முறையில் அளந்து வைத்திருந்த மலைகளைத் திரும்ப அளக்கச் செய்தார்கள். மலைகளின் உயரமும் இடைத்தூரமும் மாறியிருந்ததாகத் தெரிந்தது.

இத்தனையையும் சேர்த்து 1899இல் அவர் வெளியிட்ட அறிக்கை, உலகிலேயே ஒரு நிலநடுக்கத்தைப் பற்றி அதுவரை வந்தவற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்றால் மிகையாகாது. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் 1898இல் கல்கத்தா அலிப்பூரிலும், அடுத்து பம்பாய் கொலாபாவிலும் நம் கோடைக்கானலிலும் நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் வைக்கப்பட்டன.

பேச்சிப்பாறையும் பூமியின் கருவமும்

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுகளை நினைவில் வைக்க ஒரு வழி சொல்கிறேன். மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், மிஞ்சின் என்ற என்ஜினியர் பேச்சிப்பாறை அணையைக் கட்டியது 1897 முதல் 1906 வரை. அணை வேலை தொடங்கிய ஆண்டில் அஸ்ஸாம் குலுங்கியது. வேலை முடிந்த ஆண்டில் ஓல்டாம் பூமியின் கருவத்தைக் கண்டு சொன்னார். நம் வயலுக்குத் தண்ணீர் வந்த கதையும் அந்த அறிவு வளர்ந்த கதையும் ஒரே ஒன்பது ஆண்டுக் கதை.

அது எப்படி நடந்தது? 1897 அதிர்ச்சியை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இத்தாலி முதலிய நாடுகளில் இருந்த கருவிகள் பதிவு செய்திருந்தன. அந்தக் கோடுகளை ஓல்டாம் வாங்கி வைத்து ஆராய்ந்தார். ஒரே நடுக்கத்திலிருந்து மூன்று தனித்தனி அலைகள் வந்திருப்பதைக் கண்டார். முதலில் வருவது விரைந்த அலை. அதன் பின்னால் வருவது மெதுவான அலை. இரண்டும் பூமியின் உள்ளே புகுந்து வருபவை. கடைசியாக வருவது பூமியின் மேற்பரப்பைச் சுற்றி உருண்டு வருவது. இதை 1900இல் எழுதினார். மின்னல் தெரிந்து எத்தனை எண்ணுவதற்குள் இடி கேட்கிறது என்று வைத்து, இடி எவ்வளவு தூரத்தில் என்று சின்ன வயதில் கணக்குப் போடுவோமே, அதே கணக்குத்தான். முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் உள்ள நேர இடைவெளியை வைத்து நிலநடுக்கம் எவ்வளவு தூரத்தில் என்று இன்றும் கணக்கிடுகிறார்கள்.

பிறகு பல நிலநடுக்கங்களின் பதிவுகளை ஒப்பிட்டார். பூமியின் மறுபக்கத்துக்குப் போகும் இரண்டாம் அலை, வரவேண்டிய நேரத்துக்கு வராமல் மிகவும் பிந்தி வந்தது. நடுவழியில் வேறு தன்மையுள்ள ஏதோ ஒன்றைக் கடந்து வந்தால்தான் இந்தத் தாமதம் விளங்கும். பூமிக்கு நடுவே தனியாக ஒரு கருவம் இருக்கிறது என்று 1906இல் அறிவித்தார். அதன் எல்லை சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் என்று பிறகு குட்டன்பர்க் என்ற ஜெர்மானியர் கணக்கிட்டார். ஓல்டாம் போட்ட அளவு அதைவிடச் சிறிய கருவத்தையே காட்டியது. அளவு திருத்தப்பட்டது, கருத்து நிலைத்தது.

இதற்குள் அவர் இந்தியாவை விட்டுப் போயிருந்தார். உடல்நலம் குன்றி 1903இலேயே, நாற்பத்தைந்து வயதில், ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு என்பது சம்பளத்துக்குத்தான், வேலைக்கு இல்லை. பெரும் பெயர் வாங்கித் தந்த கட்டுரை ஓய்வுக்கு மூன்று ஆண்டு கழித்து வந்ததுதானே! 1908இல் லையல் பதக்கம், 1911இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, 1920 முதல் 1922 வரை லண்டன் நிலவியல் கழகத்தின் தலைவர் பதவி எல்லாம் தேடி வந்தன. இமயமலையும் கங்கைச் சமவெளியும் உருவான விதம் பற்றி 1917இல் எழுதினார். 1926இல், தம் அறுபத்தெட்டாவது வயதில், 1819ஆம் ஆண்டு ஜூன் 16இல் நிகழ்ந்த கட்ச் நிலநடுக்கத்தைப் பற்றிய பழைய ஆவணங்களையெல்லாம் திரட்டி ஒரு நூல் வெளியிட்டார். அந்த நடுக்கத்தில் கட்ச் ரண்ணில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமாக ஒரு மேடு எழும்பியது. கடவுள் கட்டிய கரை என்ற பொருளில் மக்கள் அதை அல்லா பந்த் என்று அழைத்தார்கள். அதே நூலில் தம்முடைய 1897 முடிவுகளையும் மறுபடி எடுத்து வைத்துத் திருத்திப் பார்த்தார். தாம் எழுதியதே வேதம் என்று இருந்துவிடவில்லை.

1936 ஜூலை 15 அன்று வேல்ஸ் நாட்டில் அவர் காலமானார். அதே ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண் விஞ்ஞானி, அவர் கண்ட கருவத்துக்குள்ளே இன்னொரு உட்கருவம் உண்டு என்று அறிவித்தார்.

பிற்காலத்தார் கட்டிய நன்றி

அவர் போட்டு வைத்த கணக்குகள் வீண் போகவில்லை. 1897இல் மாறிப்போன அந்த மலை அளவைகளை பில்ஹாம், இங்கிலாந்து என்ற இரு அறிஞர்கள் ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடி கணக்கிட்டார்கள். (இங்கிலாந்து என்பது ஆள் பெயர்தான், நாடு இல்லை.) ஷில்லாங் பீடபூமியின் வடக்கு விளிம்பில், மேலே வராமல் மறைந்திருக்கும் சுமார் 110 கிலோமீட்டர் நீளமுள்ள பிளவு அன்று வழுக்கியிருக்கிறது, அந்த விளிம்பு 11 மீட்டருக்குக் குறையாமல் உயர்ந்திருக்கிறது என்று 2001இல் எழுதினார்கள். அந்தப் பிளவுக்கு ஓல்டாம் பிளவு என்றே பெயர் வைத்தார்கள். இமயமலைப் பகுதியின் நில அதிர்வு ஆபத்தைக் கணக்கிடுகிறவர்கள் இன்று இந்தப் பிளவையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது.

அதே 2001 ஜனவரி 26ஆம் தேதி, ஓல்டாம் கடைசியாக நூல் எழுதிய அதே கட்ச் மறுபடி குலுங்கியது. பூஜ் நகரம் சிதைந்தது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே பூகம்பம் வரும் என்று பழைய ஏடு சொல்லித்தான் இருந்தது. கட்டிய வீடுகள்தான் அதைக் கேட்கவில்லை.

சரி, நம்ம ஊர்?

இப்போது பந்தி வீட்டுக் கேள்விக்கு வருவோம். ஓல்டாம் காட்டிய வழியில் மூன்று காரியம் பார்க்க வேண்டும். காலடியில் என்ன பாறை, அதில் என்ன முறிவு என்பது ஒன்று. அந்த முறிவு இன்னும் நகர்கிறதா என்பது இரண்டு. முன்னால் என்ன நடந்தது என்பது மூன்று.

மருந்துவாழ்மலையும் தாடகைமலையும் நம் ஊர்ப் பொத்தைகளும் மிகப் பழைய பாறைகள். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. அப்போது இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் நமக்குப் பக்கத்து வீடு. நமக்கு வடக்கே அச்சன்கோவில் பக்கமாக, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, ஒரு நெடிய முறிவுப் பட்டை மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வானத்திலிருந்து எடுத்த படங்களில் கோடு கிழித்ததுபோலத் தெரியும். இதைப் பார்த்தவுடன் ஐயோ என்று பயப்படவேண்டியதில்லை. பழைய தழும்பு வேறு, ஆறாத புண் வேறு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் முறிந்து ஆறிப்போன தழும்பாக ஒரு முறிவு இருக்கலாம். அண்மைக் காலத்தில், அதாவது சில ஆயிரம் ஆண்டுகளுக்குள், நகர்ந்த அடையாளம் இருந்தால்தான் அதை உயிருள்ள பிளவு என்பார்கள். அதை அறிய, அதன்மேல் படிந்த இளைய மண் படுகைகள் வெட்டுப்பட்டிருக்கின்றனவா என்று குழி தோண்டிப் பார்க்கவேண்டும். கோடு தெரிகிறது என்பதற்காகப் பயப்படுவதும் தவறு, பாறை பழையது என்பதற்காகத் தூங்கிவிடுவதும் தவறு.

ஏன் தூங்கக்கூடாது? இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. முட்டுவது இமயமலையில் என்றாலும், அந்த நெருக்கம் தட்டு முழுவதிலும் பரவுகிறது. ஒரு கட்டிலின் தலைமாட்டை இடித்தால் கால்மாட்டிலும் கிறீச்சென்று கேட்கும் அல்லவா, அதுபோல. 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூர் பக்கம் வந்த நடுக்கம் ரிக்டர் 6 அளவு; தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. 1993 செப்டம்பர் 30இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில், பழைய பாறை, பத்திரமான இடம் என்று கருதப்பட்ட மண்ணில், ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அதன் பிறகு 2002இல் நாட்டின் நில அதிர்வு வரைபடத்தைத் திருத்தியபோது, மிகக் குறைந்த ஆபத்து என்றிருந்த முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஆக, இமயமலைப் பக்கம் போல் நமக்கு ஆபத்து பெரிதில்லை. ஆனால் அறவே இல்லை என்றும் இல்லை. மிதமான நடுக்கம் வந்தாலும் தாங்கும்படி வீடு கட்டுவது புத்திசாலித்தனம். அதற்குப் பெரிய செலவு இல்லை. சுவரைச் சுற்றி அறுபடாமல் லிண்டல் பெல்ட் ஓட்டுவது, பில்லரின் மேலும் கீழும் ரிங் கம்பிகளை நெருக்கமாகக் கட்டி அவற்றின் கொக்கியை உள்ளே மடக்குவது, தரைத்தளம் முழுவதையும் வெறும் பில்லரில் நிறுத்தாமல் இருப்பது ஆகியவை கொத்தனாரும் கம்பி கட்டுகிறவரும் மனசு வைத்தால் முடிகிற காரியம்.

மூன்றாவது காரியத்தைத்தான் கனத்த மனத்தோடு எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு சுமத்ராவின் அருகே தொடங்கிய வழுக்கல், நிக்கோபார், அந்தமான் வழியாகச் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியது. நம் காலடியில் ஒரு செங்கல்கூட விழவில்லை. சுமார் மூன்று மணி நேரம் கழித்து அலை வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணவாளக்குறிச்சி, கீழமணக்குடி என்று கரை நெடுகிலும் நம் மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 800 பேர் போய்விட்டார்கள். அவர்களில் நம் கல்லூரிப் பிள்ளைகளின் அப்பன்களும் அம்மைகளும் தம்பிகளும் இருந்தார்கள்.

நமக்கு ஆபத்தான பிளவு நம் காலடியில் இல்லை, கடலுக்கு அப்பால் இருந்தது. அந்தப் பிளவைப் பற்றிய சேதி 1881லேயே நம் கரைக்கு 80 சென்டிமீட்டர் அலையாக வந்து, காகிதத்தில் கோடாகப் பதிந்து, ஓல்டாமின் குறிப்பிலும் இடம்பெற்றிருந்தது. 2003இல், சுனாமிக்கு முந்தைய ஆண்டில், ஆர்ட்டிஸ், பில்ஹாம் என்ற இரு அறிஞர்கள் அந்தப் பழைய கோடுகளை எடுத்து வைத்து 1881 நடுக்கத்தின் அளவைக் கணக்கிட்டு எழுதினார்கள். அறிவு இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் அதைக் கரைக்குக் கொண்டுசேர்க்க ஒரு வழி இருக்கவில்லை. 2007இல்தான் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது.

2004க்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் தாய்லாந்து, சுமத்ரா கரைகளில் குழி தோண்டினார்கள். 2004 அலை கொண்டுவந்த மணலுக்கு அடியில், சேற்றுப் படுகைக்குக் கீழே, இதே போன்ற இன்னொரு மணல் அடுக்கு கிடந்தது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2008இல் எழுதினார்கள். மனித நினைவு தொலைத்ததை மண் பத்திரமாக வைத்திருந்தது. ஓல்டாம் அப்பனும் மகனும் ஏட்டில் செய்த வேலையை இவர்கள் மண்ணில் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான்.

தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊர்க் கரையோர உப்பளங்களிலும் காயல்களிலும் பொழிமுகங்களிலும் என்ன அடுக்குகள் கிடக்கின்றன என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. தோண்டக் கையும், அளக்க டேப்பும், எழுத நோட்டும் போதும். வழிகாட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இயற்பியல், வேதியியல், வரலாறு மூன்றும் சேரும் வேலை அது. கடற்கரை ஊர்களில் 2004ஐ நேரில் கண்டவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை முறை வந்தது, கடல் முதலில் உள்வாங்கியதா என்று அவர்களிடம் கேட்டு, இடமும் நேரமும் குறித்து எழுதி, நம் நூலகத்தில் வையுங்கள். அடுத்த பட்டியலைப் போடுகிறவனுக்கு அது உதவும்.

பழைய மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. வெளியூரிலும் வெளிநாட்டிலும் சம்பாதித்து ஊரில் வீடு கட்டும்போது, மார்பிளின் விலையை விசாரிப்பதற்கு முன் ரிங் கம்பியின் இடைவெளியை விசாரியுங்கள். முடிந்தால் நம் சங்கத்தின் சார்பில் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய விரும்பும் ஒரு ஏழை மாணவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். என் பங்கைத் தர நான் தயார்.

இருபது வயது நிறையுமுன் அப்பனை இழந்த ஒரு பிள்ளை, அப்பன் பாதியில் விட்ட நோட்டை எடுத்து முடித்துக்கொடுத்தான். அதிலிருந்து தொடங்கி பூமியின் நடுவரைக்கும் போனான். அந்த நோட்டில் இன்னும் எழுதவேண்டிய பக்கங்கள் உண்டு. குளச்சல் முதல் குமரி வரையிலான பக்கத்தை நம் கல்லூரிப் பிள்ளைகள் எழுதட்டும்.